புதியவருக்கு இட்ட பெயர்கள்

(கண்டியில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே கடைத்தெருவில் வழங்குவதும், ஒரு மொழியில் தொடங்கிய வியாபாரம் மற்றொரு மொழியில் முடிவதும் அன்றாட வழக்கமாகிவிட்ட இந்தக் கண்டி மாநகரில், மொழிகளைப் பற்றிப் பேச வருகிறவன் எந்தச் சொற்களை எடுத்துக்கொள்வது தகும் என்று சிந்தித்தபோது, மனிதன் மனிதனைத் தன் வீட்டு வாயிலில் முதன்முதலாகச் சந்தித்த வேளையில் பிறந்த சொற்களே இந்த அவைக்கு உகந்தவை என்று எனக்குத் தோன்றிற்று. பொழுது சாய்ந்த நேரத்தில் ஊரும் பேரும் தெரியாத ஒருவன் வந்து நிற்கிறான். அவன் பசித்திருக்கிறான் என்பது முகத்தில் தெரிகிறது. நல்லவனா தீயவனா என்பது தெரியவில்லை. அவனுக்கு என்ன பெயர் இடுவது? மொழிகள் பலவும் ஆதிகாலத்தில் இந்தக் கேள்விக்குத் தத்தமக்குரிய விடையைக் கண்டிருக்கின்றன. அவ்விடையிலே அந்தந்த ஜனசமூகத்தின் அச்சமும் அன்பும் ஒருங்கே பதிந்து கிடக்கின்றன.

நம்முடைய விடை 'விருந்து' என்பது. இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் வாழையிலையும் வடை பாயசமும் நினைவுக்கு வருகின்றன. கல்யாணமும் மறுவீடும், உற்றார் உறவினர் பந்தி பந்தியாக அமர்வதும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் விருந்து என்பதன் பழம்பொருள் சோறும் அன்று, சோற்றுக்கு வந்த சுற்றமும் அன்று. புதுமை என்பதே அதன் பொருள். தொல்காப்பியர் செய்யுளியலில் எட்டு வகை வனப்புகளைச் சொல்லுமிடத்தில், முன்னில்லாத புதிய முறையில் இயற்றப்படும் நூலுக்கு 'விருந்து' என்றே பெயரிட்டார். புதுமையைக் குறித்த அச்சொல் ஆகுபெயராய்ப் புதியராய் வந்தவரைக் குறித்தது என்று திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர் தெளிவாக எழுதியதோடு, அப்புதியவர் இருவகையினர் என்றும், முன்னமே அறிமுகம் உண்மையால் நம்மைக் குறித்து வந்தவர் ஒருவகை, அறிமுகமே இன்றி வந்தவர் மற்றொரு வகை என்றும் பகுத்துக் காட்டினார். இந்த இரண்டாம் வகையினரை நாம் நாளடைவில் அச்சொல்லிலிருந்து வெளியேற்றிவிட்டோம் என்பதே என் மனத்தை வருத்தும் செய்தி. புதியவருக்கென்று அமைந்த சொல், பழகியவருக்கு நாம் செய்யும் பலகாரத்தின் பெயராகச் சுருங்கிவிட்டது.

'விருந்தோம்பல்' என்னும் தொடரின் பிற்பகுதியும் சிந்திக்கத்தக்கது. ஓம்புதல் என்றால் பேணுதல், காத்தல். குழந்தையை ஓம்புகிறோம், உடலை ஓம்புகிறோம், வேள்வித் தீயை ஓம்புகிறார்கள். கவனக்குறைவால் கெட்டுவிடக்கூடிய ஒன்றையே ஓம்ப வேண்டியிருக்கிறது. வந்தவன் மனம் எளிதில் வாடிவிடும் என்பதை அறிந்தே, அவன் மென்மையை அனிச்ச மலரினும் மிகையாகக் கருதினார் திருவள்ளுவர். அவர் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரமாக, அன்புடைமைக்குப் பின்னும் இனியவை கூறலுக்கு முன்னும் வைத்த முறையிலும் ஒரு தாத்பரியம் உண்டு; அன்பு உள்ளத்தில் எழுந்து சொல்லாய் வெளிப்படுவதற்கு இடையிலே, அது ஒரு புதியவன் மேல் சென்று தங்க வேண்டும். வடமொழியிலிருந்து நாம் ஏற்றுக்கொண்ட 'உபசாரம்' என்பதோ, அருகே செல்லுதல் என்னும் கருத்தில் அமைந்த சொல். ஒன்று காப்பதைச் சொல்கிறது; மற்றது நெருங்குவதைச் சொல்கிறது. எட்ட நின்று கொடுப்பது பிச்சையாகலாம், தானமாகலாம், உபசாரம் ஆகாது. அத்தகைய சொல்லை, உள்ளத்தில் இல்லாததை உதட்டால் பேசுவதற்கு 'உபசார வார்த்தை' என்று பெயரிட்டு நாம் மெலியச் செய்துவிட்டது வருந்தத்தக்கது.

சங்ககாலத்து இல்லங்களில் இரவு கதவடைக்கும் முன் வாயில் காப்போர், இன்னும் உள்ளே வரவேண்டியவர் யாரேனும் உளரோ என்று கேட்டுவிட்டே அடைத்தனர் என்பதைக் குறுந்தொகைப் பாட்டொன்றால் அறிகிறோம். பத்துப்பாட்டில் சரிபாதியாகிய ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளாக இருப்பதையும் நினைத்துப் பாருங்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வழியில் எதிர்ப்பட்ட வறியவனுக்கு, எந்த நிலத்தில் எந்தக் குடியினர் என்ன உணவு அளிப்பர் என்று விரித்துரைக்கும் அந்த இலக்கிய வகை, திருமுருகாற்றுப்படையிலே இறைவனிடம் வழிப்படுத்துவதாக உயர்ந்ததாயினும், அடிப்படையில் உபசாரத்தின் பூகோள சாஸ்திரம் என்றே சொல்லலாம்.

இவ்வளவு பெருமை பேசிவிட்டு, நம் மொழியின் மறுபக்கத்தைக் காட்டாமல் விடுவது நேர்மை ஆகாது. புதுமையைக் குறிக்கும் சொல் தமிழில் இன்னொன்றும் உண்டு, அது 'வம்பு'. வம்பலர் என்றால் சங்க நூல்களில் புதியவர், வழிச்செல்வோர். பாலை நிலத்து வழியில் ஆறலை கள்வரின் அம்புக்கு இரையாகி, இலைதழை மூடிக் கிடப்பவர்களாக அவ்வம்பலர் அடிக்கடி வருகின்றனர். அந்த வம்பு இன்று என்ன பொருள் தருகிறது? சண்டை, வீண்பேச்சு, தொல்லை. ஒரே கருத்தில் தோன்றிய இரண்டு சொற்களில் ஒன்று அமுதாகவும் மற்றது பகையாகவும் முடிந்திருக்கின்றன. 'ஏதிலார்' என்பதும் அப்படியே. தொடர்பில்லாதவர் என்னும் பொருளுடைய அச்சொல் பகைவருக்கும் பெயராயிற்று. புதியவனை ஏற்கும் மனமும் அவனை அஞ்சும் மனமும் தமிழனுக்குள்ளே அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தன என்பதற்கு இவற்றினும் மேலான சான்று வேண்டுவதில்லை.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த கதி அன்று. இலத்தீன் மொழியில் 'ஹோஸ்திஸ்' என்ற சொல் பகைவனைக் குறிக்கும். ஆனால் அது தங்கள் முன்னோர் காலத்தில் அந்நியன் என்ற அளவிலேயே வழங்கிற்று என்று உரோமாபுரிப் பேரறிஞர் சிசரோ தம் நூலில் குறித்திருக்கிறார். அதே வேரிலிருந்து கிளைத்த 'ஹொஸ்பெஸ்' விருந்தினனுக்குப் பெயர். வியக்கத்தக்க வகையில், விருந்து அளிப்பவனுக்கும் அதுவே பெயர். ஆங்கிலத்திலே விருந்தினனைக் குறிக்கும் 'கெஸ்ட்' என்பதும், விருந்தளிப்பவனைக் குறிக்கும் 'ஹோஸ்ட்' என்பதும் அந்த மூலத்தின் வழித்தோன்றல்களே. கிரேக்கரின் 'க்ஸெனோஸ்' என்னும் சொல் அந்நியன், விருந்தினன், விருந்தளிப்போன் என்னும் மூவரையும் சுட்டும். அந்நியரைக் காப்பதற்கென்றே அவர்கள் தம் தேவாதிதேவனாகிய ஸேயுஸுக்கு ஒரு தனி நாமம் சூட்டினர். உண்ட வீட்டு மனைவியைக் கவர்ந்து சென்ற பாரிஸ் என்பவனால்தான் திரோயா நகரம் எரிந்தது என்னும் அவர்களுடைய பெருங்கதை, விருந்து முறை பிறழ்ந்தால் ஒரு நாடே அழியும் என்னும் அச்சத்திலே கட்டப்பட்டது.

கொடுப்பவனுக்கும் கொள்பவனுக்கும் ஒரே பெயர் என்பது விசித்திரமாகத் தோன்றலாம். கண்டியின் சரித்திரம் அறிந்தவருக்கு அது விசித்திரம் அன்று. 1739ஆம் ஆண்டில் அரியணை ஏறிய ஸ்ரீ விஜய ராஜசிங்கன் முதலாக நான்கு மன்னர்கள் தென்னிந்திய நாயக்கர் மரபினர். கடல் கடந்து வந்தவர்கள். அவர்களுள் இரண்டாமவனாகிய கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், இந்நாட்டில் அற்றுப்போயிருந்த உபசம்பதா தீட்சையை மீண்டும் நிலைநாட்டுவதற்காகச் சீயத்திலிருந்து உபாலி தேரரும் பிக்குகளும் 1753இல் இந்த நகருக்கு எழுந்தருளினர். மல்வத்தை விகாரையில் இன்றும் தொடரும் சீயம் நிகாயம் அந்த வருகையின் பயன். புதியவராக வந்த ஒரு குடும்பத்தின் மன்னன், தன் சமயமாகத் தான் ஏற்றுக்கொண்ட நெறியைத் தழைக்கச் செய்யும் பொருட்டு, வேறொரு கடலுக்கு அப்பாலிருந்து வந்த புதியவர்களை வரவேற்றான். யார் வீட்டுக்காரர், யார் விருந்தினர் என்று அங்கே கோடு கிழித்துக் காட்ட யாரால் இயலும்?

நம் அண்டை மொழியாகிய சிங்களத்துக்கு வருகிறேன். விருந்தினரைச் சிங்கள மக்கள் வீட்டு வழக்கில் 'அமுத்தா' என்கிறார்கள்; பலரானால் 'அமுத்தோ'. அமுத்து என்றால் வழக்கத்துக்கு மாறானது, புதுமையானது, விந்தையானது. ஆகவே அமுத்தா என்பவன் புதியவன். தமிழின் விருந்தும் சிங்களத்தின் அமுத்தாவும் ஒலியால் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. ஒன்றை மற்றொன்று இரவல் வாங்கவும் இல்லை. ஆயினும் இரு மொழியினரும் வாயிலில் நின்றவனைப் பார்த்து, இவன் புதியவன் என்னும் ஒரே எண்ணத்தையே எண்ணியிருக்கின்றனர். நூல் வழக்கிலே அவர்கள் சொல்லும் 'ஆகந்துக சத்காரய' என்பதில், வந்தவன் என்னும் பொருளுடைய ஆகந்துகன் பாளியிலும் வடமொழியிலும் உள்ளவன். சத்காரம் நாமும் அறிந்ததே.

விடைபெறும் வழக்கிலோ இந்த ஒற்றுமை இன்னும் நெருக்கமானது. தமிழ் வீட்டிலிருந்து புறப்படுகிறவர் 'போகிறேன்' என்று சொல்லிப் புறப்படுவதில்லை. 'போயிட்டு வாறேன்' என்பார். சிங்கள வீட்டிலிருந்து புறப்படுகிறவர் 'கிஹின் என்னம்' என்பார். போய் வருகிறேன் என்பதே அதன் நேர்ப்பொருள். போவதை வருவதற்குள் அடக்கிச் சொல்லும் இந்த நாகரிகத்தை இரண்டு ஜாதியாரும் யாரிடமிருந்து யார் கற்றனர் என்று வாதிடுவதைக் காட்டிலும், இருவர் வீட்டுப் படிகளிலும் அது ஒரே நாளில் எத்தனை முறை ஒலிக்கிறது என்று காதுகொடுத்துக் கேட்பது பயனுடையது என்பது என் அபிப்பிராயம். உள்ளே வருபவரை அவர்கள் 'என்ன, வாடிவென்ன' என்று அழைப்பதும் உங்களுக்குத் தெரியும். வாருங்கள், அமருங்கள் என்று பொருள். அவர்கள் மொழியில் 'வாடிய' என்றால் தற்காலிகத் தங்குமிடம். நம் மொழியில் 'வாடி' என்றால் அடைப்பு, மீனவர் கரையில் இடும் குடில். இலங்கைத் தமிழர் பிரயாணிகள் தங்கும் அரசாங்க விடுதிக்கு 'வாடி வீடு' என்று பெயர் சொன்னபோது, இரு மொழிக்கும் பொதுவான ஒரு கூரையின் கீழே நின்றுகொண்டுதான் சொன்னார்கள்.

வடமொழியின் 'அதிதி' என்னும் சொல்லுக்குத் திதி பாராமல் வருபவன் என்றும், ஒரு திதி முழுதும் தங்காதவன் என்றும் நம் பெரியோர் பொருள் கூறுவர். மொழிநூலார் அதனை அலைந்து திரிதல் என்னும் பொருளுள்ள ஒரு தாதுவினின்று பிறந்ததாகக் கொள்வர். எப்படிக் கொண்டாலும் அவன் நாள் குறித்து வாராதவன். தைத்திரீய உபநிடதம் அவனைத் தாய், தந்தை, ஆசான் ஆகியோரை அடுத்துத் தெய்வமாகக் கொள்ளப் பணிக்கிறது. அரபியில் பிரயாணியைக் குறிக்கும் 'முசாபிர்' என்னும் சொல், துருக்கி மொழியில் 'மிசாபிர்' என்று உருமாறி விருந்தினனுக்கே பெயராகிவிட்டது. விருந்தோம்பல் மூன்று நாளைக்கு உரியது, அதற்கு மேற்பட்டது தர்மம் என்பது இஸ்லாமிய நபிமொழி மரபு. 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது நம் பழமொழி. அக்குறணையில் வாழும் இஸ்லாமியத் தமிழருக்கு இந்த இரண்டும் ஒரே நாவில் வழங்குவன.

முசாபிர்களுள் முதன்மையானவராகிய இபுனு பதூதா, 1344ஆம் ஆண்டில் இத்தீவின் மேற்குக் கரையில் புத்தளத்தை அடைந்தபோது, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, தமக்குத் தெரிந்த பாரசீக மொழியில் உரையாடினார் என்றும், அவர் சிவனொளிபாதமலைக்குச் செல்ல விரும்பியதை அறிந்து பல்லக்கும் வழித்துணையும் தந்தார் என்றும் இபுனு பதூதாவின் பயண நூல் கூறுகிறது. அந்தத் துணைவருள் யோகியர் இருந்தனர், பிராமணர் இருந்தனர், உணவுப் பொருள் சுமப்போர் இருந்தனர். தமிழ் மன்னன் ஒருவன் இஸ்லாமியப் பிரயாணி ஒருவரைப் பௌத்த நாட்டின் வழியே, நான்கு சமயத்தாரும் தமக்குரியதென வணங்கும் ஒரு மலைக்கு அனுப்பி வைத்தான்; அதே 1344ஆம் ஆண்டில், இங்கிருந்து அதிக தூரமில்லாத உடுநுவரையில், நான்காம் புவனேகபாகுவின் அமைச்சர் சேனாலங்காதிகாரர் இலங்காதிலக விகாரையை எழுப்பினார். அந்த விகாரை நிற்கும் பாறையிலே சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டிருப்பதை நேரில் சென்று பாராத தமிழர் இந்த அவையில் இருந்தால், அவர்கள் அடுத்த விடுமுறையிலேயே சென்று பார்க்க வேண்டுமென்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி 'அம்பலம்' என்னும் சொல்லிடத்துச் சற்று அதிக நேரம் தங்க அனுமதி வேண்டுகிறேன். தமிழில் அம்பலம் என்பது பலரும் கூடும் வெளி, பொதுமன்றம். தில்லையிலே இறைவன் ஆடுமிடம் பொன்னம்பலம். மறைவாக இருந்தது வெளிப்பட்டால் அம்பலமாயிற்று என்கிறோம். மலையாளத்திலே அம்பலம் கோயில். பிரயாணிகள் தங்குமிடம் அங்கே 'வழியம்பலம்'. சிங்களத்திலே அம்பலம என்றால் வழிப்போக்கர் தங்கும் மண்டபம் ஒன்றே. ஒரே சொல் ஓரிடத்தில் தெய்வத்துக்கும், ஓரிடத்தில் ஊராருக்கும், ஓரிடத்தில் களைத்த காலுக்கும் உரியதாயிற்று. மூன்றிலும் மாறாமல் நிற்பது, அதற்குக் கதவு இல்லை என்னும் கருத்து. கடுகண்ணாவைக் கணவாயின் சாலையோரத்தில் நிற்கும் அம்பலத்தையும், குருநாகலை மாவட்டத்துப் பனாவிட்டியாவில் பாறைகள் மேல் ஏற்றிய பெருமரங்களில் சிற்பவேலை மிளிர நிற்கும் அம்பலத்தையும் கண்டவர்கள் அதன் அமைப்பை அறிவார்கள். நாற்புறமும் திறப்பு; தாழ்ந்த சுவரோ குறுக்கிட்ட பெருமரமோ இருக்கை; ஈரமும் கறையானும் ஏறாதபடி கீழே கல்; மேலே ஓடு. உள்ளே நுழைய யாரையும் கேட்க வேண்டுவதில்லை; யார் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. வீட்டுத் திண்ணைக்கும் இதற்கும் வேற்றுமை அதுதான். திண்ணையில் படுத்தவனிடம் காலையில் வீட்டுக்காரன் ஊர் கேட்பான்.

வழியோரத்தில் தாகத்துக்கு நீர் நிறைத்து வைக்கும் பானைக்குச் சிங்கள மக்கள் 'பின் தாலிய' என்று பெயர் சொல்வர். பின் என்பது புண்ணியம், தாலிய நம்முடைய தாழியை நினைவூட்டுகிறது. நாம் தண்ணீர்ப்பந்தல் என்கிறோம். வெசாக் காலத்தில் அவர்கள் வீதிதோறும் அமைக்கும் 'தன்சல்' தானசாலை என்பதன் திரிபு. நாம் அன்னசத்திரம் என்கிறோம். பெயர் பார்த்தோ மொழி பார்த்தோ அந்தத் தன்சலில் சோறு மறுக்கப்படுவதில்லை என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

உடுநுவரையைக் குறிப்பிட்டபோது இன்னொரு மனிதர் நினைவுக்கு வருகிறார். 1660ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவில் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்களிடம் அகப்பட்ட ஆங்கிலேய மாலுமி ரொபேட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மலைநாட்டுக் கிராமங்களில் வாழ்ந்தார். இறுதியில் அவர் வீடு கட்டியிருந்த ஏலதெத்த என்னும் ஊர் இங்கிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அவரைச் சிறையில் அடைக்கவில்லை. ஊராரே முறை வைத்து உணவளிக்க வேண்டும் என்பது அரச கட்டளை. உண்ண உணவும் இருக்க இடமும் உண்டு, போகமட்டும் அனுமதி இல்லை. அவர் விருந்தினரா, கைதியா? இலத்தீன் சொல்லுக்குள்ளே இருந்த இரட்டைப் பொருள் ஒரு மனிதனுடைய வாழ்க்கையாகவே இங்கே நடந்திருக்கிறது. 1679இல் தப்பி, காட்டாற்றுக் கரையோடு நடந்து அரிப்புக் கோட்டையிலிருந்த ஒல்லாந்தரை அடைந்து, 1681இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலிலே, தம்மைத் தடுத்து வைத்த மன்னனைக் கடிந்துரைத்தாலும், தமக்குச் சோறிட்ட ஊராரின் வாழ்வை வெகு நுட்பமாக எழுதினார். வரவேற்றவனுக்கு விடையும் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை நொக்ஸின் சரித்திரத்தைப் போல் உணர்த்துவது வேறில்லை.

தலதா மாளிகையின் அருகே பத்தினி தேவாலயம் இருக்கிறது. அங்கே வணங்கப்படுபவள் நம் கண்ணகி. சேரன் செங்குட்டுவன் அவளுக்குக் கோயில் எடுத்த விழாவிலே இலங்கை மன்னன் கயவாகு விருந்தினனாக இருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுவதை அனைவரும் அறிவர். ஆனால் அந்தக் காவியம் முழுவதுமே விருந்தின் காவியம் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. கோவலன் பிரிந்திருந்த காலத்தில் தனக்கு நேர்ந்த இழப்புகளைக் கண்ணகி ஒரே ஒரு முறை எடுத்துரைக்கிறாள். அதில் அவள் தன் தனிமையைச் சொல்லவில்லை, வந்தவரை எதிர்கொண்டு பேணும் அறத்தை இழந்தேன் என்றே சொல்கிறாள். கணவனில்லாத வீட்டுக்கு அதிதியும் இல்லை என்னும் அந்நாளைய வழக்கத்தின் கொடுமை அந்தச் சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது. மதுரைப் புறஞ்சேரியில் அவளை ஏற்றுக்கொண்டவள் ஆயர்குல மூதாட்டி மாதரி. கவுந்தியடிகள் அவளிடம் கண்ணகியை ஒப்படைத்த பகுதிக்கு அடைக்கலக் காதை என்பது பெயர். அடைக்கலம் என்பது விருந்தினும் கனமான சொல். காக்க ஏற்றதைக் காக்க இயலாமற் போனேனே என்று வருந்தித் தீயிலே புகுந்து உயிர் துறந்தாள் அந்த மாதரி. மாலை நேரத்தில் தன் வீட்டுக்கு வந்த இருவரின் ஊழுக்குத் தான் காரணமல்லள் என்று சொல்லித் தப்பிக்க அவளுக்கு நியாயம் இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

விடுதித் தொழிலைப் பற்றி மிகச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்து செல்கிறேன். முன்பு கூறிய இலத்தீன் வேரிலிருந்து அந்நியரைப் பேணும் இல்லத்துக்கு ஒரு பெயர் பிறந்து, அது பிரெஞ்சு வழியாக 'ஓட்டல்' ஆயிற்று. வேறொரு வழியாக 'ஆஸ்பத்திரி' ஆயிற்று. சிங்களத்திலே 'இஸ்பிரிதாலய' என்று வழங்குவதும் அதுவே. பசித்தவனுக்கும் பிணியாளனுக்கும் ஒரே இல்லம் இருந்த காலத்தை இந்தச் சொற்கள் நினைவு வைத்திருக்கின்றன. பணம் வாங்கிக்கொண்டு உணவளிப்பது இழிந்ததென்று நான் சொல்லமாட்டேன். கண்டிக் கடைத்தெருவில் நேர்மையாக நடக்கும் ஒரு சைவக் கடை ஊருக்கு உபகாரமே.

ஆனால் பணம் இல்லாமல், அழைப்பு இருந்ததாக எண்ணி வந்த ஒரு ஜனசமூகத்தைப் பற்றிச் சொல்லாமல், புதியவரைப் பற்றிய பேச்சைக் கண்டியிலே முடிப்பது பாவம் என்று கருதுகிறேன். 1824இல் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியாவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கிய காலந்தொட்டு, தோட்டங்கள் பெருகப் பெருக, தமிழ்நாட்டுத் தென்மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரின் சொல்லை நம்பிப் புறப்பட்ட ஏழைகள், மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் காட்டுவழியே நடந்து வந்தனர். நொக்ஸ் தப்பிச் சென்ற கரையை ஒட்டியே அவர்கள் வந்து இறங்கினர். கோலராவும் காய்ச்சலும் பட்டினியும் வழியெங்கும் அவர்களைத் தின்றன. இலைதழை மூடிக் கிடந்த சங்ககாலத்து வம்பலருக்கும் இவர்களுக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டு சென்றதே அன்றி, வேறு வேற்றுமை இல்லை.

உயிர் பிழைத்து மலையேறியவர்களுக்கு நேர் வரிசையாகக் கட்டிய அறைகள் கிடைத்தன. ஆங்கிலச் சொல்லிலிருந்து அவற்றுக்கு 'லயம்' என்று பெயர் வந்தது. அறைக்குப் போர்த்துக்கேயச் சொல்லால் 'காம்பரா' என்று பெயர். அந்த ஒற்றைக் காம்பராவின் முன்னே ஒரு சிறு முற்றக்கட்டு. அதற்குப் பெயர் 'இஸ்தோப்பு'. ஒல்லாந்தரின் 'ஸ்தூப்' சிங்களத்தில் 'இஸ்தோப்புவ' ஆகி, அங்கிருந்து தோட்டத் தமிழுக்கு வந்தது. நான் சொல்ல விரும்புவது சொல்லின் பிரயாணத்தை அன்று. அடுத்த தோட்டத்திலிருந்து உறவினரோ, உறவினருக்குத் தெரிந்தவரோ, வெறுமனே வழி தவறியவரோ வந்தால், ஏற்கெனவே ஆறேழு பேர் படுக்கும் காம்பராவில் இடமில்லாதபோது, இஸ்தோப்பில் சாக்கு விரித்துப் படுக்கை போடுவார்கள். வந்தவருக்குப் பெயர் 'விருந்தாடி'. தேத்தண்ணி வரும், ரொட்டியும் கட்டைச் சம்பலும் வரும், அரிசி இருந்தால் சோறு வரும், இல்லாவிட்டால் பக்கத்துக் காம்பராவிலிருந்து வரும். திண்ணைகளும் சத்திரங்களும் இருந்த ஊர்களை விட்டு வந்தவர்கள், திண்ணை இல்லாத இடத்தில் இஸ்தோப்பைத் திண்ணையாக்கிக்கொண்டனர். விருந்தோம்பல் செல்வருக்குரிய அறம் என்று எண்ணுவோர், தோட்டப்புறம் சென்று ஓரிரவு தங்கிப் பார்க்கட்டும்.

அப்படி வந்தவரைப் பேணியவர்களை நாடு எப்படிப் பேணிற்று? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலாரை எந்த நாட்டுக்கும் உரியரல்லாதவராக ஆக்கிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 9,75,000 பேரைக் கணக்கிலெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதென ஒதுக்கி வைத்தது. அவர்களும் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இந்நாட்டிலேயே பிறந்து, தம் பாட்டன்மாரைத் தேயிலைக்கு உரமாகப் புதைத்தவர்கள், கண்ணால் காணாத ஓர் ஊருக்குத் 'திரும்பிச்' செல்ல வேண்டியவர்களாயினர். அவர்களை மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மக்களே 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். அந்த நிலையங்களிலே நின்றவர்கள் 'போயிட்டு வாறேன்' என்னும் சொல்லை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணும்போது, மேலே நான் அத்தனை மகிழ்ச்சியோடு பாராட்டிய அந்த வழக்கே நெஞ்சை அறுக்கிறது. 2003இல் நிறைவேறிய 35ஆம் இலக்கச் சட்டம், 1964 முதல் இங்கே வாழ்ந்து வந்தவர்களுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரிமை வழங்கியது. மூன்று நாள் விருந்தென்பது பழமொழி. இவர்களை ஏழு எட்டுத் தலைமுறைக்குப் பிறகும் 'வந்தவர்கள்' என்று குறிப்பிடும் நாவு தமிழரிடத்தும் இருந்தது, சிங்களவரிடத்தும் இருந்தது. புதியவனை அஞ்சும் வம்பு என்னும் சொல், தமிழ் பேசுவோர் தமிழ் பேசுவோரையே ஒதுக்கி வைத்த காலத்தில் தன் முழுப் பொருளையும் காட்டிற்று.

மாணவ நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். சென்னைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக நிறைவெய்திய மகத்தான பணி; ஆனால் இந்த மலைகளில் வழங்கும் சொற்களுக்கு அதிலே தக்க இடம் அமையவில்லை. மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் காட்டிய வழி நமக்கு இருக்கிறது. பேராதனையில் பயிலும் நீங்கள், சிங்களம் பேசும் தோழர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, உடுநுவரைக் கிராமம் ஒன்றுக்கும் அதையடுத்த தோட்டத்து லயத்துக்கும் ஒரே நாளில் சென்று, அங்குள்ள முதியவர்களிடம், உங்கள் வாசலில் அறியாதவர் வந்து நின்றபோது அவரை என்ன பெயரால் குறித்தீர்கள், எங்கே உட்கார வைத்தீர்கள், முதலில் எதைக் கொடுத்தீர்கள், அவர் விடைபெறும்போது என்ன சொன்னார் என்று கேட்டு, அவர்கள் நாவில் வந்த வடிவத்திலேயே, திருத்தாமல், எழுதிக்கொண்டு வாருங்கள். அமுத்தாவும் விருந்தாடியும் ஒரே தாளில் எழுதப்படட்டும். அந்தத் தாள்களைத் தொகுத்து அச்சிடும் பொறுப்பை இங்கே கூடியிருக்கும் பெரியோர்கள் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்து வயோதிகர்களைக் காண முதலில் செல்லுங்கள். லயங்கள் இடிக்கப்பட்டுத் தனிவீடுகள் எழும்புவது மிக நல்ல காரியம், ஆயின் இஸ்தோப்பில் படுத்தெழுந்தவர்களின் பேச்சு அதற்குமுன் எழுதப்பட்டுவிட வேண்டும்.